நத்தத்துக்குப் போய்ச் சேர்ந்த பாதம்

கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்தபோது, கணவர் வீட்டில் செருப்புத் தைக்கிறார்கள் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். என்ன மாதிரிச் செருப்பு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வந்த மூன்றாம் நாள் பேகம்பூரில் இருக்கும் பட்டறைக்குப் போனேன். சுவர் முழுக்க மரத்தட்டுகள். தட்டுகளில் ஜோடி ஜோடியாகக் கால் அச்சுகள். ஒன்றுகூட நாம் கடையில் பார்க்கிற கால் மாதிரி இல்லை. ஒன்றில் விரல்களே இல்லை. ஒன்றின் உள்ளங்கால் படகின் அடிப்பாகம் போல வெளியே பிதுங்கியிருந்தது. இன்னொன்று குதிகாலில் தொடங்கிப் பாதி வழியில் முடிந்துவிட்டது.

சர்க்கரை நோயில் விரலை எடுத்தவர்கள், போலியோவில் கால் சூம்பியவர்கள், தொழுநோயில் உணர்வு போனவர்கள், லாரிச் சக்கரத்தில் பாதம் நசுங்கியவர்கள். ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர் என்று கேட்டு வாங்க முடியாதவர்கள் எல்லாரும் எங்கள் பட்டறைக்குத்தான் வந்தார்கள். சிறுமலையில் மிளகு பறிக்கிற ஒரு அம்மா வருஷத்துக்கு ஒரு முறை இறங்கி வருவார். ஒரு கால் முன்னே இழுக்க, ஒரு கால் பின்னே இழுக்க, அந்த அம்மா படியேறும் சத்தத்தை வைத்தே என் நாத்தனார் உள்ளிருந்து "வாங்கம்மா, இந்த வருசம் குதிகால் தேஞ்சிருச்சா?" என்பார்.

பட்டறையை நடத்துவது இந்த நாத்தனார்தான். என் கணவருக்கு அக்கா, ஆகவே எனக்கும் அக்கா. ஒன்றரை வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனவர். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த என் மாமனார், மகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போக வேண்டும் என்று தன் கையாலேயே ஒரு பூட்ஸ் தைத்துக் கொடுத்தார். அதைப் பார்த்துப் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கேட்டார். பிறகு இன்னொருவர். பட்டறை வந்தது அப்படித்தான். மாமனார் காலமான பிறகு அளவெடுப்பது அக்கா, தோல் வெட்டித் தைப்பது என் கணவர் என்று வேலை பிரிந்தது. அக்கா அளவெடுப்பதைப் பார்க்க வேண்டும். நாடாவை விட விரலைத்தான் அதிகம் நம்புவார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்காலைத் தடவி, "இங்க எலும்பு கீழ இறங்கிருக்கு, ரெண்டு மில்லி குழி விடணும்" என்பார். பிறகு அளந்தால் சரியாக இரண்டு மில்லிமீட்டர் இருக்கும்.

நான் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் டேட்டாபேஸ்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். நாள் முழுக்க, நொடிக்கு நொடி ஆயிரக்கணக்கான பதிவுகள் வந்து கொட்டும் இடம் அது. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே அதைப் பார்த்தேன், மகள் பிறந்ததும் விட்டேன். விட்ட பிறகு ஒரு வருஷம் என் கைகள் எதற்கோ பரபரத்துக்கொண்டே இருந்தன. அப்போதுதான் அக்காவின் நோட்டுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு காலுக்கும் நாற்பதுக்கு மேல் அளவுகள், பென்சிலில், அவருக்கு மட்டுமே புரியும் குறிகளோடு. சில பக்கங்களைச் செல் அரித்திருந்தது.

"அக்கா, இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திரலாமா?"

"ஏத்திக்க. கம்ப்யூட்டர் ஒம்பாடு, காலு எம்பாடு. என்னைய அதத் தொடச் சொல்லாத."

எட்டு மாதம் உட்கார்ந்து ஏற்றினேன். அக்கா வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். முடிந்ததும், கம்பெனியில் செய்தது போலவே பேக்கப் ஏற்பாடும் செய்தேன். அதை இங்கே சொல்லியாக வேண்டும். நடந்ததெல்லாம் அதைச் சுற்றித்தான்.

ஒரு டேட்டாபேஸ், எந்த மாற்றம் வந்தாலும் முதலில் அதை ஒரு குறிப்பில் எழுதிக்கொள்ளும். இன்னாருடைய குதிகால் உயரம் மாறியது, இன்னார் புதிதாகச் சேர்ந்தார் என்று நடந்த வரிசையில் எழுதிக்கொண்டே போகும். இந்தக் குறிப்புக்கு லாக் என்று பெயர். ஒரு லாக் கோப்பு நிறைந்ததும் அடுத்த கோப்பைத் திறக்கும். நிறைந்த கோப்பை வேறொரு இடத்துக்கு அனுப்பி வைக்கச் சொல்லலாம். என்றைக்கோ எடுத்த ஒரு முழு நகலும், அதற்குப் பிறகு வந்த லாக் கோப்புகள் எல்லாமும் வரிசை தப்பாமல் கையில் இருந்தால் போதும். மூலக் கம்ப்யூட்டர் எரிந்து சாம்பலானாலும், நகலின் மேல் ஒவ்வொரு லாக்காக ஓட்டி, கடைசி நிமிஷம் வரை அப்படியே திருப்பி எழுப்பிவிடலாம்.

அந்த வேறொரு இடம் நத்தத்தில் இருக்கும் என் அம்மா வீடு. டிபன் டப்பா அளவு ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வாங்கி, அம்மாவின் பீரோ மேல் வைத்து, இன்டர்நெட் இணைப்புக் கொடுத்தேன். பேட்டரியும் வைத்தேன், கரண்ட் போனால் ஒரு மணி நேரம் தாங்கும். முழு நகல் போய்ச் சேர்ந்தது. முதல் லாக் கோப்பும் போனது. அன்று எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. இவ்வளவு பெரிய ஏற்பாடு திண்டுக்கல்லில் எந்தச் செருப்புப் பட்டறையில் இருக்கும்?

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு காலை, அக்கா தோல் துண்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, நேத்து வேடசந்தூர்ல இருந்து ஒரு பிள்ளைக்கு அளவு எடுத்தோமே, அந்தக் காலு ஒங்கம்மா வீட்டுக்குப் போயிருச்சா?"

"போயிருக்கும்க்கா."

"போயிருக்குமா, போயிருச்சா?"

சிரித்துக்கொண்டே நத்தம் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றது. கடைசியாக வந்திருந்த கோப்புக்கு வயது நாற்பது நாள். நேற்று எடுத்த பிள்ளையின் கால் மட்டுமல்ல, நாற்பது நாளில் எழுதிய ஒரு காலும் நத்தத்துக்குப் போகவில்லை.

எதுவும் பழுதாகவில்லை என்பதுதான் கொடுமை. எல்லாம் நான் சொன்னபடியே நடந்திருந்தது. கோப்பு நிறைந்தால் அனுப்பு என்று சொல்லியிருந்தேன். கம்பெனியில் ஒரு கோப்பு நிறைய ஒரு நிமிஷம்கூட ஆகாது. இங்கே வாரத்துக்கு இரண்டு பேர் வருகிறார்கள். கோப்பு நிறைய இன்னும் எத்தனை நாளோ. அதுவரை அந்தக் கால்கள் எல்லாம் இந்த ஒரே கம்ப்யூட்டரில், நிறையாத ஒரு கோப்பில் கிடக்க வேண்டியதுதான். அதற்குள் இது கெட்டுப்போனால் அத்தனையும் போயிற்று. சதா மாறிக்கொண்டே இருக்கும் டேட்டாபேஸுக்குத் தைத்த சட்டையை, எப்போதோ மாறும் ஒன்றுக்கு மாட்டிவிட்டிருந்தேன்.

அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தோலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"அப்ப இது பஸ் ஸ்டாண்டு ஷேர் ஆட்டோ மாதிரியில்ல இருக்கு. ஆளு நெறஞ்சாத்தான் எடுப்பான். ஒத்த ஆளு உள்ள உக்காந்து வேர்த்து ஊத்திக்கிட்டு இருக்கணும்."

"ஆமாக்கா."

"சிறுமலை பஸ்ஸு அப்பிடி இல்லையே. ஆளு இருக்கோ இல்லையோ, நேரமானா கெளம்பிருது."

அதற்கும் வழி இருக்கத்தான் செய்தது. இத்தனை நிமிஷத்துக்குள் கோப்பு நிறையாவிட்டாலும், உள்ளே ஒரு மாற்றமாவது இருந்தால் அதோடு மூடி அனுப்பிவிடு என்று ஒரு வரி எழுத வேண்டும். கம்பெனியில் தேவைப்படாததால் அந்த வரியை நான் நினைத்தே பார்த்ததில்லை. ஐந்து நிமிஷம் என்று எழுதினேன். அன்றே வேடசந்தூர்ப் பிள்ளை நத்தம் போய்ச் சேர்ந்தாள்.

ஆனால் ஒரு காலின் அளவை ஏற்றிச் சென்றாலும் கோப்பு முழுக் கோப்பின் பருமனோடுதான் போயிற்று. மீதி இடம் வெறும் பூஜ்ஜியம். "பெட்டி பெருசு, உள்ள ஒத்தச் செருப்பு" என்றார் அக்கா. இப்படியே போனால் நத்தத்து டப்பா சீக்கிரம் நிரம்பிவிடும். அனுப்புவதற்கு முன் அமுக்கிச் சுருக்கச் சொன்னேன். பூஜ்ஜியம் நன்றாகச் சுருங்கும். இருக்கிற இடமே தெரியவில்லை.

எனக்கு நிம்மதி வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை.

"போறது சரிம்மா. திரும்பி வருமா?"

"வரும்க்கா."

"செருப்பத் தச்சு முடிச்சா மட்டும் போதுமா, மாட்டி நடக்க விட்டுப் பாக்குறோம்ல? இதையும் நடக்க விட்டுப் பாரு."

நத்தம் போனேன். அம்மா வீட்டில் உட்கார்ந்து, திண்டுக்கல் கம்ப்யூட்டர் போய்விட்டது என்று மனதில் வைத்துக்கொண்டு, நகலை எடுத்து லாக் கோப்புகளை ஒவ்வொன்றாக ஓட்டினேன். முதல் பத்துப் பன்னிரண்டு ஓடின. பிறகு நின்றது. ஒரு கோப்பு பாதியில் அறுந்திருந்தது. வந்துகொண்டிருக்கும்போதே இணைப்புப் போயிருக்கிறது. பாதிக் கோப்பை முழுக் கோப்பு என்று நம்பி, திண்டுக்கல் பக்கம் அடுத்த வேலைக்குப் போய்விட்டது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அதற்குப் பின்னால் எத்தனை கோப்பு இருந்தும் பிரயோஜனமில்லை. ஒரு அடி நகராது.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனை வருஷம் இதே வேலையைச் செய்தவள் நான். தடவைக்கு ஒரு கேள்விதான், அக்கா என்னை இரண்டு தடவை பிடித்துவிட்டார்.

திருத்தினேன். கோப்பு முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் போகும். முழுதாக வந்துவிட்டதா என்று நத்தத்துப் பக்கம் சரிபார்க்கும். சரியாக இருந்தால்தான் உண்மையான பெயர் சூட்டும். அதுவரை திண்டுக்கல் தன்னிடம் இருப்பதை அழிக்காமல் திரும்பத் திரும்ப அனுப்பும். புதிதாக ஒரு முழு நகலும் எடுத்தேன். மறுபடி நத்தம் போய் ஓட்டினேன். கடைசிக் கோப்பு வரை ஓடியது. போனில் அக்காவுக்கு அளவுகளை வாசித்தேன். அவர் அச்சைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அளந்து, "சரி... சரி... ம், சரி" என்றார். அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை இந்த ஒத்திகையைத் தவறாமல் நடத்தினோம். அம்மாவுக்கு அதில் ஏக சந்தோஷம். மகள் மாதம் ஒரு முறை வீட்டுக்கு வருகிறாளே.

சென்ற கத்திரி வெயிலில்தான் ஒட்டன்சத்திரத்துக்காரர் வந்தார். காய்கறி மார்க்கெட்டில் எடை போடுகிறவர். ஐம்பது வயது இருக்கும். சர்க்கரை நோயில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். பாதத்தின் வளைவு இடிந்து தட்டையாகியிருந்தது. உள்ளங்காலில் ஒரு புண் ஆறும், திரும்ப வரும், மறுபடி ஆறும், மறுபடி வரும்.

"ஏனுங்க, இன்னொருக்கா புண்ணு வந்துச்சுன்னா முட்டிக்குக் கீழ எடுத்துப்போடோணும்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க" என்றார். அதை ஏதோ மழை வரும் என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். கைதான் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே இருந்தது. "நின்னு பாக்குற வேலைங்க. உக்காந்து எடை போட முடியுமுங்களா?"

அவருக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. எங்களுக்குத் தெரிந்த கால் டாக்டர் ஒருவர் மதுரையிலிருந்து அன்றைக்குத்தான் பட்டறைக்கு வந்திருந்தார், அழுத்தம் அளக்கும் ஒரு பாயோடு. அதன்மேல் ஏறி நின்றால் பாதத்தின் எந்த இடத்தில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று திரையில் எண்ணாகத் தெரியும். ஒரு கம்பெனி ஒரு நாளைக்கு இரவல் கொடுத்தது. அது எதையும் சேமித்து வைக்காது. நிற்கும்போது தெரிவதோடு சரி.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது, ஒரு மணி வரை நடந்தது. அவர் பாயில் நிற்பார், டாக்டர் எண்களைச் சொல்வார், அக்கா முட்டி போட முடியாத காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துத் தன் அளவைச் சொல்வார். இரண்டையும் நான் தட்டிக்கொண்டே வந்தேன். நேராக நிற்கும்போது, முன்னே சாயும்போது, நடந்து வந்து நிற்கும்போது. புண் ஆறியும் ஆறாமலும் இருந்ததால் மாவுக்கட்டு போட்டு அச்சு எடுக்க முடியாது. அந்த எண்கள்தான் அவருடைய கால்.

எல்லாம் முடிந்ததும் அவர் அக்காவைப் பார்த்தார்.

"இந்தக் காலு நிக்குமுங்களா?"

"நிக்க வைக்கத்தான நாங்க இருக்கோம். போயி சாப்புடுங்க, இன்ஷா அல்லாஹ் ரெண்டு வாரத்துல வாங்க. அதுவரைக்கும் வெறுங்கால்ல தரையில வைக்கக் கூடாது, ஆமா."

அவர் பஸ் ஏறிப் போனார். டாக்டர் பாயைச் சுருட்டிக்கொண்டு மதுரைக்குப் போனார். நான் மகளுக்குச் சோறு ஊட்ட வீட்டுக்கு வந்தேன்.

நான்கு மணிக்கு மேல் வானம் இருண்டது. கோடை மழை என்று எல்லாரும் சந்தோஷமாக மாடிக்குப் போனார்கள். ஒரு இடி விழுந்தது பாருங்கள். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. தெருவில் யாரோ "டிரான்ஸ்பார்மர்ல இறங்கிருச்சு" என்று கத்தினார்கள். செத்த நேரத்தில் பட்டறையிலிருந்து கணவர் போன் செய்தார். அவர் குரல் வழக்கம்போல இல்லை.

"நீ கொஞ்சம் வாரியா? கம்ப்யூட்டர் இருந்த சுவரு கருகிப்போச்சு."

போய்ப் பார்த்தேன். யுபிஎஸ் வெடித்திருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்ததும் கருகிய நாற்றம் முகத்தில் அடித்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் பழுது பார்க்கும் கடைக்காரர் உடனே வந்தார், டிஸ்க்கைக் கழற்றித் தன் கருவியில் மாட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இதுல ஒண்ணும் இல்லக்கா. செத்துப்போச்சு."

என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சுவரில் இருந்த அச்சுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர்களுக்காவது அச்சு இருக்கிறது. காலையில் வந்தவருக்கு ஒன்றும் இல்லை.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, பீரோ மேல பெட்டியில லைட்டு எரியுதா?"

"கரண்டே இல்லம்மா. இங்கயும் ஒரே காத்து."

"எப்பப் போச்சு?"

"எப்பப் போச்சுன்னு எனக்கென்ன தெரியும்? சாப்புட்டு அசந்து தூங்கிட்டேன். எந்திரிச்சுப் பாத்தா ஃபேன் ஓடல."

 மத்தியானமே போயிருந்தால்? பேட்டரி ஒரு மணி நேரம்தான் தாங்கும். அதற்குப் பிறகு திண்டுக்கல் எத்தனை தடவை அனுப்பினாலும் வாங்கி வைக்க அங்கே ஆள் இல்லை.

மறுநாள் காலை நத்தம் பஸ்ஸில் ஏறினோம். நானும் வருகிறேன் என்று அக்கா கிளம்பிவிட்டார். வழி முழுக்க அவர் துஆ ஓதிக்கொண்டு வந்தார். நான் ஓதவில்லை, எந்த வரியை எங்கே எழுதினேன், எதை விட்டேன் என்று மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்தேன்.

அம்மா வாசலிலேயே நின்றார். விடியும் முன்பே கரண்ட் வந்துவிட்டிருந்தது.

"வாங்க, வாங்க. மொதல்ல உக்காந்து ஒரு வாய் சாப்புடுங்க, வெஞ்சனம் ஆறிப்போகுது."

"இரும்மா" என்று நேராகப் பீரோவிடம் போனேன். டப்பாவில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லேப்டாப்பை இணைத்து, வந்த கோப்புகளின் பட்டியலைத் திறந்தேன்.

ஒட்டன்சத்திரத்துக்காரரின் காலை நான் எழுதி முடித்தது ஒரு மணிக்கு. ஒன்று ஐந்துக்கு வந்த ஒரு கோப்பு இருந்தது. முழுப் பெயரோடு. அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆனால் அதற்குக் கீழேயும் ஒரு கோப்பு இருந்தது. மாலை நான்கு மணி பத்து நிமிஷம்.

"இது எப்படி?" என்று வாய்விட்டே கேட்டேன். ஒரு மணிக்குப் பிறகு நான் பட்டறையிலேயே இல்லை. கணவர் கம்ப்யூட்டர் பக்கமே வர மாட்டார். மாற்றம் எதுவும் இல்லாமல் கோப்பு கிளம்பாது. நான்கு மணிக்கு யார் எதை மாற்றியது?

பின்னால் அக்கா லேசாகச் செருமினார்.

"அது நாந்தாம்மா."

திரும்பிப் பார்த்தேன். அறுபதை நெருங்கும் என் நாத்தனார், பாடம் படிக்காத பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"மத்தியானம் லுஹர் தொழுதுட்டு உக்காந்திருந்தேன். திடீர்னு ஞாபகம் வந்துச்சு. அந்த மனுசன் தன் பையைத் தூக்குனாரு பாரு, அப்ப அவரு கால வெளிப்பக்கமா சாச்சாரு. மூட்டை தூக்கித் தூக்கிப் பழக்கம். நம்ம நிக்க வச்சு, நடக்க வச்சுத்தான் அளந்தோம். தூக்க வச்சு அளக்கல. புண்ணு திரும்பத் திரும்ப வாரது அங்கனதான். ஒன்னையக் கூப்புடலாம்னு பாத்தேன், நீ பிள்ளையத் தூங்க வச்சுக்கிட்டு இருப்ப. நீ தட்டுறதத்தான் இம்புட்டு நாளா பாக்குறேன்ல..."

"நீங்களே எழுதினீங்களா?"

"ஒரு மணி நேரம் ஆச்சு. ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி. முடிச்சு எந்திரிக்கிறேன், இடி முழங்க ஆரம்பிச்சிருச்சு."

"என்ன எழுதினீங்க? ஞாபகம் இருக்கா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "சாயுறது ஞாபகம் இருக்கு. எம்புட்டு ஒசத்தணும், எங்க குழி விடணும்னு வெரல்ல கணக்குப் பண்ணிப் போட்டேன். போட்டாச்சுன்னதும் மனசு விட்டுருச்சு."

நகலை எடுத்தேன். ஓட்டினேன். திரையில் ஒவ்வொரு கோப்பின் பெயராக ஏறியது: எடுத்தாயிற்று, எடுத்தாயிற்று, எடுத்தாயிற்று. அம்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னம்மா, ரயில் மாதிரி ஓடுது" என்றார். அக்கா என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  ஒன்று ஐந்தின் கோப்பு ஏறியது. நான்கு பத்தின் கோப்பு ஏறியது. நின்றது. பிறகு, டேட்டாபேஸ் தயார் என்று ஒரே ஒரு வரி.

கடைசிப் பதிவைத் திறந்தேன். பாயின் எண்கள், அக்காவின் எண்கள், எல்லாம் ஒன்றுவிடாமல் இருந்தன. குறிப்புக் கட்டத்தில் நான் எழுதாத நான்கு வரிகள். ஆங்கில எழுத்தில் தமிழ், இடைவெளியே இல்லாமல், பாதி இடத்தில் எழுத்துப் பிழை. எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தேன்.

"எடை தூக்கும்போது வெளிப்பக்கம் சாய்கிறார். வெளி ஓரம் மூணரை மில்லி உசத்து. சுண்டுவிரல் அடியில் குழி, ரெண்டு மில்லி, நீளவாக்கில். குதிகால் இறுக்கிப் பிடி."

"மூணரை!" என்று கத்தினார் அக்கா. "மூணரைதான்! அல்ஹம்துலில்லாஹ், நான் நாலுன்னுல்ல நெனச்சுக்கிட்டு வந்தேன்!"

அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என்னை அவர் அப்படிக் கட்டிப்பிடித்தது அதுவரை ஒரே ஒரு முறைதான், மகள் பிறந்த அன்று. என்ன நடந்தது என்று முழுதாகப் புரியாமலே அம்மாவும் அழுதார், பிறகு சிரித்தார், பிறகு எல்லாரையும் இழுத்து உட்கார வைத்துச் சோறு போட்டார். நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கோயம்புத்தூரில் எத்தனையோ பெரிய பெரிய கம்பெனிகளின் டேட்டாபேஸ்களை எழுப்பிக் கொடுத்திருக்கிறேன். பாராட்டி மெயில் வரும். எழுப்பியதற்குக் கட்டிப்பிடித்துச் சோறு போட்டது நத்தத்தில் மட்டும்தான்.

புதுக் கம்ப்யூட்டர் அந்த வாரமே வந்தது. இந்த முறை இடி தாங்குகிற மாதிரி எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் போட்டோம். நத்தத்திலிருந்து எல்லாக் கால்களும் திரும்பி வந்தன. என் கணவர் அந்த எண்களைப் பார்த்துப் பார்த்து எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பரைச் செதுக்கினார். பூ மாதிரி இருக்கும் அந்த ரப்பரில் மூணரை மில்லி ஏற்றுவது சாதாரண வேலை இல்லை. இரண்டை வீணாக்கி, மூன்றாவதில்தான் அக்கா "ம்" என்றார்.

ஒட்டன்சத்திரத்துக்காரர் சொன்ன நாளில் வந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு எழுந்தார். அக்கா ஒரு மூட்டைத் தோல் துண்டை அவரிடம் கொடுத்து, "தூக்குங்க, தூக்கிக்கிட்டு தெரு முக்கு வரைக்கும் நடங்க" என்றார். அவர் நடந்தார். எங்கள் தெருவே பார்த்தது. திரும்பி வந்து மூட்டையை இறக்கி வைத்தவர், இன்னொரு முறை மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். யாரும் சொல்லாமலே.

நாலு மாதம் அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அக்கா மட்டும் அவ்வப்போது "அந்தக் காலு என்ன ஆச்சோ" என்பார். ஐந்தாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு கட்டு முருங்கைக்காயைத் தோளில் சாய்த்துக்கொண்டு, படியில் ஒரே சீரான சத்தத்தோடு ஒருவர் ஏறி வந்தார்.

"ஏனுங்க, சௌக்கியமுங்களா?"

உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, உள்ளங்காலை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார். சுண்டுவிரல் அடியில் இரண்டு தடவை தடவினார். வழுவழுவென்று தோல் மூடியிருந்தது.

"புண்ணு இல்லை" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

"ஒரு நாளு லீவு போடலீங்க. ஒரே ஒரு நாளு போடலீங்க. டாக்டர் கூட யாரு தச்சதுன்னு கேட்டுப்போட்டு, ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கிட்டாருங்க." சொல்லிவிட்டு அவர் வாசலைப் பார்த்துக் கையசைத்தார். "உள்ள வா ஆயா, கூச்சப்படாத."

தக்காளி தரம் பிரிக்கும் ஒரு அம்மா தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். வலது காலில் துணி சுற்றியிருந்தது.

"எங்க மார்க்கெட்டுல இவங்களுக்கும் இதே மாதிரித்தானுங்க. இவங்க காலையும் எழுதிக்குங்க."

அக்கா தரையில் உட்கார்ந்து, நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"உக்காருங்கம்மா. கால நீட்டுங்க. வலிச்சா சொல்லணும், ஆமா." பிறகு என்னைப் பார்த்தார். நான் கீபோர்டுக்குக் கை நீட்டினேன். அவர் தலையை ஆட்டிக் குறும்பாகச் சிரித்தார்.

"நீ கால அள. இன்னைக்கு நான் தட்டுறேன்."